கொடி இறங்கும்வரை

எங்கள் ஊரில் எங்கள் வீட்டுக்கு இன்றும் 'மலாயாக்காரர் வீடு' என்றுதான் பெயர். கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, பேராவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர். அவர் திரும்பி வந்து கட்டிய ஓட்டு வீடு போய் மாடி வீடு வந்துவிட்டது. பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. தபால்காரர்கூட கதவு எண்ணைப் பார்ப்பதில்லை.

அதனால்தான் 1916-ல் பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதிய ஜட்லாந்துப் போரில் கலந்துகொண்ட பிரிட்டிஷ் கப்பல்களின் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. ஐந்தாவது போர்க்கப்பல் அணி: பார்ஹம், வேலியன்ட், வார்ஸ்பைட், மலாயா. முதல் மூன்றும் எனக்கு அந்நியம். நான்காவது எங்கள் வீட்டுப் பெயர்.

அது என்ன கப்பல் என்று தேடப்போய், பழைய போர்க்கப்பல் பைத்தியம் பிடித்ததுதான் மிச்சம். பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்த மலாய்க் கூட்டாட்சி, 1912-ல் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு முதல்தரப் போர்க்கப்பலைப் பரிசாகத் தருவதாக அறிவித்தது. பேரா சுல்தான் முன்மொழிந்தார். ஏறக்குறைய 30 லட்சம் பவுண்ட். சீனர்கள் தோண்டிய ஈயம், தமிழர்கள் வெட்டிய பால் என்று அந்த மண்ணிலிருந்து வந்த வருமானம்தான் இங்கிலாந்தில் டைன் நதிக்கரைக் கப்பல் தளத்தில் இரும்பாக மாறியது. இப்படி ஒரு பரிசு கொடுத்திருக்கிறோம் என்று தோட்டத்து லயத்தில் யாருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சரி, கப்பலுக்கு வருவோம்.

மலாயா உட்பட ஐந்து கப்பல்கள் ஒரே அச்சில் கட்டப்பட்டவை. மூத்தவள் குவீன் எலிசபெத். கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், ஓய்வுபெற்ற அட்மிரல் ஃபிஷரின் தூண்டுதலில், இந்தக் கப்பல்களில் இரண்டு சூதாட்டம் ஆடினார். ஒன்று, பீரங்கி. அதுவரை பிரிட்டனின் புதிய போர்க்கப்பல்களில் 13.5 அங்குல வாய்தான் பெரியது. இவற்றுக்கு 15 அங்குலம். அப்படி ஒரு பீரங்கியை வார்த்துச் சுட்டுப் பார்ப்பதற்கு முன்பே கப்பல்களுக்கு ஆர்டர் போட்டாகிவிட்டது. பீரங்கி சொதப்பியிருந்தால் ஐந்து கப்பலும் வெறும் ஓடு. சொதப்பவில்லை. ஒரு குண்டின் எடை 871 கிலோ, அதாவது ஒரு மாருதி 800 காரைவிடக் கனம். ஒரு கப்பலுக்கு எட்டு பீரங்கிகள்.

இரண்டாவது, எண்ணெய். பிரிட்டனில் நிலக்கரிக்குப் பஞ்சமே இல்லை. எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது. ஆனால் 24 நாட் (மணிக்குச் சுமார் 44 கிலோமீட்டர்) வேகம் வேண்டுமானால் கரி அள்ளிப் போட்டு முடியாது. எண்ணெய்க் கொதிகலன் வைத்தார்கள். அந்த எண்ணெய்க்காக 1914-ல் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய் நிறுவனத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கை 22 லட்சம் பவுண்ட் கொடுத்து அரசே வாங்கியது. ஈரானில் அதற்கப்புறம் நடந்த கூத்துக்கெல்லாம் இந்தக் கப்பல்களின் வயிற்றுக்கும் ஒரு பங்கு உண்டு.

'ஐந்தாவது அணி' என்ற பெயர் மட்டும் பழையது, கொஞ்சம் ராசியில்லாததும்கூட. 1914-ல் அந்தப் பெயரில் ஆங்கிலக் கால்வாயில் இருந்தவை காலாவதியான பழைய கப்பல்கள். அந்த நவம்பரில் புல்வார்க் என்ற கப்பல் நங்கூரத்தில் நின்றபடியே வெடித்துச் சிதறி எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 1915 புத்தாண்டு விடியுமுன் ஃபார்மிடபிள் என்ற கப்பலை ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி கவிழ்த்தது. 547 பேர் போனார்கள். தளபதி பெய்லியின் பதவியும் போயிற்று. புதிய கப்பல்கள் ஒவ்வொன்றாகத் தயாராகி வர, அணியின் எண் அவற்றுக்குக் கைமாறியது. தளபதியாக வந்தவர் ரியர் அட்மிரல் ஹியூ எவன்-தாமஸ். வேல்ஸ்காரர். மன்னர் ஐந்தாம் ஜார்ஜுக்கு சிறு வயது முதல் பழக்கம். வேலையில் படு சுத்தம். தலைமைத் தளபதி ஜெல்லிக்கோ என்ன நினைப்பார் என்பது, அவர் சொல்லாமலே இவருக்குத் தெரியும். அதுதான் பலம். அதுவே பின்னால் வினையானது.

ஜெல்லிக்கோவின் பெரும் கப்பற்படை ஸ்காட்லாந்துக்கும் வடக்கே ஸ்காப்பா ஃப்ளோவில் இருந்தது. டேவிட் பீட்டியின் போர்க்குரூசர்கள் தெற்கே ரோசைத்தில். போர்க்குரூசர் என்றால் போர்க்கப்பலின் பீரங்கி, ஆனால் மெல்லிய கவசம். அந்த மிச்சத்தை வேகத்தில் போட்டிருப்பார்கள். பீட்டிக்கும் அந்தக் கப்பல்களுக்கும் நல்ல பொருத்தம். 38 வயதில் அட்மிரல் ஆனவர், அமெரிக்கக் கோடீஸ்வரரின் மகளைக் கட்டியவர், தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டுதான் புகைப்படத்துக்கே நிற்பார். தன் ஆட்களுக்கு அவர் நீளமாகக் கட்டளை எழுதுவதில்லை. 'தலைவர் எப்படியோ அப்படிப் பின்தொடர்' என்பதுதான் அங்கே வழக்கம்.

1916 மே மாதத்தில் பீட்டியின் கப்பல்களில் மூன்றைப் பீரங்கிப் பயிற்சிக்காக ஸ்காப்பாவுக்கு அனுப்பினார்கள். ஈடாக ஐந்தாவது அணி ரோசைத்துக்கு வந்தது. குவீன் எலிசபெத் பழுதுபார்க்கும் தளத்தில் இருந்ததால் நான்கே கப்பல்கள். ஒரு வாரத்துக்கும் மேல் இரண்டு தளபதிகளும் ஒரே நீர்ப்பரப்பில், ஒருவர் கப்பல் இன்னொருவர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தார்கள். ஒரு படகு அனுப்பி, 'வாங்க, ஒரு தேநீர் சாப்பிட்டபடி நம்ம வழக்கத்தைச் சொல்றேன்' என்று பீட்டி அழைக்கவில்லை. தன் படையின் நிலையான கட்டளைகளின் பிரதியைக்கூட எவன்-தாமஸுக்குக் கொடுக்கவில்லை. எட்டு வயது மூத்தவர் தானே போய்க் கேட்டிருக்கலாமே என்றால், அதுவும் நியாயம்தான். அவரும் போகவில்லை.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு ஆலையில் வேறு யூனிட்டிலிருந்து ஒரு சூப்பர்வைசர் மாற்றலாகி வந்தார். எங்கள் ஆலையில் மணியடித்தால் லைனை நிறுத்த வேண்டும். அவருடைய பழைய இடத்தில் சீட்டு வந்தால்தான் நிறுத்துவார்கள். அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மணியடித்தது. அவர் சீட்டுக்காகக் காத்திருந்தார். அன்று வீணான சரக்குக்கு மெமோ வாங்கியவர் அவர்தான். ஜட்லாந்தைப் படிக்கும்போதெல்லாம் அவர் முகம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

இங்கே கொடி வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். கம்பியில்லாத் தந்தி இருந்தது, ஆனால் போர்க்களத்தில் கப்பல்களை நகர்த்தியது கொடிதான். தளபதியின் கப்பலில் வண்ணக் கொடிகள் ஏறும். மற்ற கப்பல்கள் அதைப் படித்து, அதே கொடிகளைத் தாங்களும் ஏற்றி 'புரிந்தது' என்று காட்டும். ஆனால் யாரும் அசையக் கூடாது. கொடி ஏறுவது முன்னறிவிப்பு. கொடி சரேலென்று இறங்குவதுதான் கட்டளை. இறங்கும் அந்த நொடியில் எல்லாக் கப்பலும் சேர்ந்து திரும்பும்.

இந்தப் பழக்கத்துக்கு அந்தத் தலைமுறை கொடுத்த விலை கொஞ்சமல்ல. 1893-ல் மத்தியதரைக் கடலில் அட்மிரல் டிரையன், இரண்டு வரிசைகளையும் ஒன்றையொன்று நோக்கி உள்பக்கமாகத் திரும்பச் சொல்லிக் கொடி ஏற்றினார். இடைவெளி போதாது, மோதிவிடும் என்று எதிர்வரிசையில் இருந்த மார்க்கமுக்குத் தெரிந்தது. தயங்கினார். 'எதற்காகக் காத்திருக்கிறீர்?' என்று டிரையன் எல்லார் கண்ணிலும் படும்படி கேட்டார். மார்க்கம் திரும்பினார், அவருடைய கேம்பர்டவுன், டிரையனின் விக்டோரியாவைக் குத்திக் கிழித்தது. 358 பேர் மூழ்கினார்கள், டிரையனும் சேர்ந்து. அன்று காய்ச்சலோடு விக்டோரியாவில் படுத்திருந்து கடலில் விழுந்து பிழைத்த அதிகாரிகளில் ஒருவர் பெயர் ஜான் ஜெல்லிக்கோ.

மே 31. டென்மார்க்குக்கு மேற்கே கடல். பீட்டியின் ஆறு போர்க்குரூசர்கள் முன்னால். ஐந்தாவது அணி ஐந்து மைல் வடமேற்கே. கவசம் தடித்த, பீரங்கி பெருத்த கப்பல்களை இவ்வளவு தள்ளி ஏன் வைத்தார் என்ற கேள்விக்கு இன்றுவரை யாரும் எனக்குத் திருப்தியாகப் பதில் சொல்லவில்லை. பிற்பகல் 2.20-க்கு 'எதிரி தெரிகிறான்' என்று ஒரு சிறு குரூசரிடமிருந்து செய்தி. 2.32-க்கு பீட்டி தென்கிழக்காகத் திரும்பிப் பாய்ந்தார். கொடி ஏறியது. அவர் கப்பல்களின் புகைக்கு நடுவே, ஐந்து மைல் தள்ளி, எவன்-தாமஸ் இருந்த பார்ஹமின் மேல்தளத்தில் அது புரியவில்லை. அதுவரை பார்ஹமுக்குச் செய்தி கடத்திக்கொண்டிருந்த டைகர் என்ற கப்பல், இடம் மாறித் தூரத்து முனைக்குப் போய்விட்டிருந்தது. தேடுவிளக்கை மின்னிச் சொல்லியிருக்கலாம். பீட்டியின் கொடி அதிகாரி ரால்ஃப் சீமோர் அதைச் செய்யவில்லை. முந்தைய சண்டைகளிலும் அவருடைய சைகைகள் குழப்பியிருக்கின்றன. இருந்தும் பீட்டி அவரை மாற்றவில்லை.

பார்ஹமின் கேப்டன் கிரெய்க், 'அவர்கள் திரும்புகிறார்கள், நாமும் திரும்பலாம்' என்று வற்புறுத்தினார். எவன்-தாமஸ் கொடிக்காகக் காத்திருந்தார். நான்கு கப்பல்களும் வழக்கமான வளைவுப் பாதைப்படி எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தன. எட்டு நிமிடம். ஐந்து மைல் பத்து மைலாயிற்று.

3.48-க்கு பீட்டியும் ஜெர்மன் தளபதி ஹிப்பரும் சுடத் தொடங்கினார்கள். ஆறுக்கு ஐந்து. பத்துக்கு ஐந்தாக இருந்திருக்க வேண்டிய சண்டை. 4.02-க்கு பீட்டியின் கப்பல்களில் ஒன்றான இன்டிஃபாட்டிகபிள் வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பிழைத்தவர்களை ஒரு கை விரலில் எண்ணலாம். ஐந்தாவது அணி குறுக்குவழியில் ஓடிவந்து, சுமார் 17 கிலோமீட்டர் தூரத்திலிருந்து சுட ஆரம்பித்தபோது மணி 4.08. முதல் சில நிமிடங்களிலேயே பார்ஹமின் குண்டு வான் டெர் டான் கப்பலின் பின்பக்கத்தைத் துளைத்து நூற்றுக்கணக்கான டன் தண்ணீரை உள்ளே விட்டது. பீட்டியின் கப்பல்கள் இருபது நிமிடமாகச் செய்ய முடியாத வேலை. ஆறு நிமிடம் முன்னால் இவர்கள் அங்கே இருந்திருந்தால் என்று மனம் கணக்குப் போடத்தான் செய்கிறது. 4.26-க்கு குவீன் மேரியும் வெடித்தது, 1,266 பேரோடு.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறாத இடம். 4.40 வாக்கில் தெற்கே ஜெர்மன் தலைமைத் தளபதி ஷேரின் முழுக் கப்பற்படையும் தெரிந்தது. பீட்டி வடக்கே திரும்பி, அதை ஜெல்லிக்கோவிடம் இழுத்துப்போக முடிவு செய்தார். சரியான முடிவு. அவர் வடக்கே வர, ஐந்தாவது அணி இன்னும் தெற்கே போய்க்கொண்டிருந்தது. இரண்டு வரிசைகளும் எதிரெதிராகக் கடந்தன. 'ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பு' என்று பீட்டியின் கப்பலில் கொடி ஏறியது. ஆனால் இறங்கவில்லை. ஒரு நிமிடத்துக்கு முக்கால் கிலோமீட்டர் வீதம் நான்கு கப்பல்களும் முழு ஜெர்மன் படையை நோக்கிப் போகின்றன. கொடி இன்னும் கம்பத்தில். எவன்-தாமஸ் பார்க்கிறார். காத்திருக்கிறார். சில நிமிடம் கழித்துத்தான் இறங்கியது.

ஒன்றன்பின் ஒன்றாக என்றால் நான்கும் கடலில் ஒரே புள்ளிக்கு வந்துதான் திரும்பவேண்டும். தெருமுனையில் தேர் திரும்புவதை யோசித்துக்கொள்ளுங்கள்; எங்கே திரும்பும் என்று மூலையில் நிற்பவனுக்கு முன்பே தெரியும். ஜெர்மன் பீரங்கிகள் அந்த முனையைக் குறிவைத்து அடித்துக்கொண்டே இருந்தன. பார்ஹம் திரும்பியது, அடி வாங்கியது, தந்திக் கருவி போயிற்று. வேலியன்ட் ஒரு கீறலும் இல்லாமல் தப்பியது. வார்ஸ்பைட். கடைசியாக மலாயா. அதன் கேப்டன் ஆல்ஜெர்னான் பாயில் முன்னால் போன கப்பல்களைச் சுற்றிக் குண்டுகள் விழுந்ததைப் பார்த்தார். அந்த முனைக்குப் போகாமல் கொஞ்சம் முன்னாலேயே திருப்பிவிட்டார். அந்த நாளில் அணிக்குள் யாரோ ஒருவர் கொடியைவிடக் கண்ணை நம்பிய தருணம் அது என்று எனக்குப் படுகிறது.

வடக்கே ஓடிய ஒரு மணி நேரம் பீட்டி வேகமாக முன்னால் போய்விட, ஹிப்பரையும் ஷேரின் முன்னணிப் போர்க்கப்பல்களையும் தாங்கியது இந்த நான்கும்தான். வாலில் மலாயா. அன்று அது பிரிட்டிஷ் கொடியோடு வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்புப் பட்டைகளும் நடுவில் பாயும் புலியுமாக மலாய்க் கூட்டாட்சியின் கொடியையும் பறக்கவிட்டிருந்தது. சுற்றிலும் தண்ணீர் தூண் தூணாக எழுந்தது. பாயில் ஒரு யோசனை செய்தார்: வலப்பக்கச் சிறு பீரங்கிகளை வேண்டுமென்றே கிட்டத்தில் கடலுக்குள் சுட்டுத் தண்ணீர்த் திரை எழுப்பி, அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வது. அதைச் செய்யுமுன் 5.30-க்கு அந்த வலப்பக்கத்திலேயே குண்டு விழுந்தது. பீரங்கிகளுக்கு அருகில் குவித்து வைத்திருந்த கார்டைட் வெடிமருந்து பற்றிக்கொண்டது. வரிசை முழுக்க நெருப்பு. அந்த ஒரு அடியில் செத்தவரும் வெந்தவருமாக நூறு பேருக்கு மேல். போர் முடிந்து எண்ணியபோது மலாயாவில் இறந்தவர்கள் 65.

வெந்து பிழைத்தவர்களில் ஒருவர் வில்லி விக்கரேஜ் என்ற மாலுமி. இமை, மூக்கு, உதடு எல்லாம் தீயில் போய்விட்டன. 1917-ல் சிட்கப் மருத்துவமனையில் நியூசிலாந்துக்காரரான ஹெரால்ட் கில்லீஸ் அவருக்கு முகம் செய்ய முயன்றார். மார்பிலிருந்து தோலைப் பட்டையாக உரித்து, ஒரு முனை உடம்போடு ஒட்டியிருக்க, மறுமுனையை முகத்துக்கு இழுத்தபோது அந்தத் தோல்பட்டையின் விளிம்புகள் தானாக உள்ளே சுருண்டன. அதைப் பார்த்த கில்லீஸுக்குப் பொறி தட்டியது. சுருண்ட விளிம்புகளைச் சேர்த்துத் தைத்துக் குழாயாக்கினார். ரத்த ஓட்டம் நிற்காது, கிருமியும் எளிதில் ஏறாது. பெனிசிலின் இல்லாத காலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று டாக்டர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதே மருத்துவமனையில் கில்லீஸ் கையால் புது இமைகள் பெற்ற வால்டர் இயோ, அதே அணியின் வார்ஸ்பைட்காரர்.

வார்ஸ்பைட்டின் கதை தனி. மாலை ஆறேகாலுக்கு மேல், ஜெல்லிக்கோவின் பெரும் வரிசையின் வாலில் சேர்வதற்காக அணி திரும்பியபோது, முன்னால் போன வேலியன்ட்டை இடிக்காமல் ஒதுங்கப்போய் வார்ஸ்பைட்டின் சுக்கான் சிக்கிக்கொண்டது. கப்பல் வட்டமடிக்க ஆரம்பித்தது. ஜெர்மன் வரிசையின் முன்னால், அத்தனை பீரங்கிக்கும் முகம் காட்டியபடி, ஒரு சுற்று. விட்டு இன்னொரு சுற்று. பக்கத்தில் வாரியர் என்ற பழைய குரூசர் உருக்குலைந்து கிடந்தது. குண்டுகள் அதை விட்டுவிட்டு வார்ஸ்பைட்டைத் தேடி வந்தன. நம்மைக் காப்பாற்றத்தான் குறுக்கே வந்து நிற்கிறார்கள் என்று வாரியரின் மாலுமிகள் கையெடுத்துக் கும்பிடாத குறை. உண்மையில் கேப்டன் ஃபில்பாட்ஸுக்குக் கப்பல் கைக்குள்ளேயே இல்லை. அன்று மொத்தம் 15 அடி வாங்கி, மூழ்காமல் ரோசைத் போய்ச் சேர்ந்தது.

ராத்திரி பதினொன்றரைக்கு மேல் இன்னொன்று நடந்தது. பெரும் படையின் பின்னால் இருட்டில் வந்துகொண்டிருந்த மலாயாவிலிருந்து, நடுவில் பாரந்தூக்கி நிற்கும் ஒரு பெரிய கப்பல் தெரிந்தது. ஜெர்மன் போர்க்கப்பல் வெஸ்ட்ஃபாலன். ஷேர் பின்பக்கமாக நழுவிக்கொண்டிருந்தார். பீரங்கி அதிகாரி சுட அனுமதி கேட்டார். பாயில் மறுத்தார்: நாம் பார்த்ததைத் தளபதியின் கப்பல் பார்க்காமலா இருக்கும்? வேண்டுமென்றால் அவர்களே உத்தரவு கொடுப்பார்கள். ஜெல்லிக்கோவுக்கும் செய்தி போகவில்லை. மாலையில் முனைக்கு முன்னாலேயே திருப்பிய அதே மனிதர். விடிந்தபோது கடலில் ஜெர்மன் கப்பல் ஒன்றும் இல்லை.

சண்டை முடிந்த பிறகு வேறொரு சண்டை ஆரம்பித்தது, அது காகிதத்தில். 1919-ல் பீட்டி கடற்படையின் முதல் அதிகாரியானார். ஜட்லாந்தின் அதிகாரபூர்வ வரலாற்றில் அவர் கை வைத்தது ஊரறிந்த கதை. 1924-ல் வெளியான அறிக்கை, தாமதத்துக்கான பழியை எவன்-தாமஸ் பக்கம் தள்ளியது. அவர் உடல் நலம் கெட்டு அதே ஆண்டு ஓய்வு பெற்றார். 1927-ல் சர்ச்சிலின் போர் வரலாறும் அதையே சொன்னபோது, பத்திரிகைக்கு மறுப்பு எழுதினார். அடுத்த ஆண்டு இறந்துபோனார். அந்த அணி அன்று சுட்டது சுமார் 1,100 பெரிய குண்டுகள். பீட்டியின் கப்பல்களைவிட மிகக் குறி தவறாமல் சுட்டவர்கள் அவர்கள் என்பதை எதிரிகளே ஒப்புக்கொண்டார்கள். அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்குமா, தெரியவில்லை. என் பார்வையில் எட்டு நிமிடம் அவர் கணக்கில் எழுதலாம். ஆனால் பேசாமல் விட்ட அந்த ஒரு வாரம் முழுக்கப் பீட்டியின் கணக்கு.

பார்ஹம் 1941 நவம்பரில் மத்தியதரைக் கடலில் டார்பிடோ பட்டுக் கவிழ்ந்து வெடித்தது, 862 பேர். மலாயா 1921-ல் தன்னை வாங்கிக் கொடுத்த மாநிலங்களின் துறைமுகங்களுக்கு ஒரு சுற்று போய் வந்தது. அடுத்த ஆண்டு துருக்கியின் கடைசி சுல்தானை இஸ்தான்புல்லிலிருந்து ஏற்றிக்கொண்டு போனது. 1948-ல் ஸ்காட்லாந்தில் உடைக்கப்பட்டது. வார்ஸ்பைட்டின் சுக்கான் மட்டும் ஜட்லாந்துக்குப் பிறகு முழுதாகச் சரியாகவேயில்லை. இரண்டாம் உலகப் போரிலும் அவ்வப்போது மக்கர் செய்தது. 1947-ல் அதை உடைக்கும் தளத்துக்குக் கட்டி இழுத்துப்போனார்கள். புயலில் கயிறு அறுந்தது. கார்ன்வால் கரையில் ஒரு பாறை விரிகுடாவில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிறகு பக்கத்துக் கரைக்குத்தான் நகர்த்த முடிந்தது, உடைக்கும் தளத்துக்கு அது போகவேயில்லை. கடைசியில் உடைக்கிறவர்கள்தான் அது இருந்த இடத்துக்கு வரவேண்டியிருந்தது.